சாணுக்கு ஒரு கட்டு

"இப்ப?"

"ஆறு வந்துருக்கு."

"இப்ப?"

"ஏழு. எட்டுக்குப் போகுது, போகுது... நீ செத்த பேசாம இரு தாயி, நீ பேசினா அது நிக்குது."

நான் பேசாமல் இருந்தேன். இன்டர்காமின் அந்தப் பக்கம் அவருடைய மூச்சும், அதற்குப் பின்னால் மெஷின்கள் ஓடும் ஷாப்பிலிருந்து வரும் டப், டப் என்ற சத்தமும் கேட்டன.

"நின்னுபோச்சு. பதினொண்ணுல எட்டு. நேத்தும் எட்டு, முந்தாநேத்தும் எட்டு. ஒன் சர்வருக்கு அஷ்டமத்துச் சனி தாயி. திருநள்ளாறு கூட்டிட்டுப் போ."

"மறுபடி அமுக்கிராதீங்கண்ணே. பத்து நிமிஷம் விடுங்க."

"அமுக்கிட்டனே."

ரிசீவரை வைத்துவிட்டு, எதிரில் இருந்த சர்வரின் பச்சை விளக்கைப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்தது ஆபீஸ் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில். பழைய ஃபைல்கள் அடைத்து வைத்திருந்த இடத்தைத் தட்டி போட்டு மறைத்து, 'சர்வர் ரூம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். நினைவில்லாமல் எழுந்தால் தலையில் படி இடிக்கும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஆனந்த், கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, கம்பெனிக்கு வரும் மெயில் எல்லாம் முதலில் அதில் வந்து தங்கி, பிறகு அவரவர் மேஜைக்குப் போகும்படி செய்து வைத்துவிட்டுப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார். சர்வருக்கு மானிட்டர் கிடையாது. அவர் விட்டுப்போன நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'தொடாதே, ஓடும்' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி நான் ஒன்றரை வருடம் தொடாமல் இருந்தேன். அதுவும் ஓடியது. 2007 ஜூன் வரைக்கும்.

நாங்கள் வண்டிகளுக்கான பிராக்கெட் செய்கிறவர்கள். தகட்டை வெட்டி, மடக்கி, துளை போட்டு, ஸ்பாட் வெல்டிங் வைத்து அனுப்புவோம். ஷாப்பின் மறுகோடியில், ஆபீஸிலிருந்து எண்பது மீட்டர் தள்ளிக் கண்ணாடி போட்ட குவாலிட்டி ரூம். அங்கே இருப்பவர் பரமசிவம் அண்ணன். கோவில்பட்டியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் பேச்சில் ஓசூர் ஒட்டாதவர். மெயிலைத் தபால் என்பார். அவருடைய கம்ப்யூட்டர் சர்வரிடம் போய்த் தபால் கேட்கும். சர்வர் ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுக்கும். வரைபடமோ போட்டோவோ வைத்த கனமான மெயில் வரும்போது நடுவில் எங்கோ அறுந்துபோகும். அறுந்தது அவருக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. அது இன்னும் அவர் எதிரில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பிடித்தபடி காத்திருக்கும். அந்த நேரத்தில் அவர் மறுபடி போய்க் கேட்டால், உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடும். அந்த ஒருவர், பத்து நிமிடத்துக்கு முந்தைய பரமசிவம் அண்ணன்தான். காத்திருந்து அது சலித்துப் பெட்டியை மூடிய பிறகு போனால், முதல் மெயிலிலிருந்து திரும்பவும் ஆரம்பிக்கும். ஒரே ஏழு மெயில்கள் அவரிடம் இருபது தடவை வந்து சேர்ந்திருந்தன. எட்டாவது வரவேயில்லை.

இதில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போய்விட்டவருக்காகப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றைப் பற்றி யோசித்தபடி மாடிப்படிக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். ஓசூர்க் கிளை நூலகத்தில் தமிழில் பெயர்த்த வெளிநாட்டு நாவல்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. என்னைத் தவிர யாரும் எடுத்ததாகத் தேதிச் சீட்டில் முத்திரை இல்லை. அவற்றில் கடிதங்கள் எப்போதும் தாமதமாகவே வரும். பனியில் வண்டி சிக்கிக்கொள்ளும், குதிரை கிடைக்காது, வாங்கிக்கொள்ள வேண்டியவர் ஊரை விட்டே போயிருப்பார். தாமதமான கடிதம் என்றால் எனக்கு அழகான ஒன்று என்றுதான் மனதில் பதிந்திருந்தது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பிராக்கெட்டில் ஒரு துளை ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறோம், மேற்கொண்டு அனுப்ப வேண்டாம் என்று. அதுதான் எட்டாவது. செவ்வாய் முழுவதும், புதன் மதியம் தாண்டியும் அது என் முழங்காலுக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. அதற்குள் இரண்டு லோடு போய்விட்டது. புதன்கிழமை அவர்களுடைய அசெம்ப்ளி லைன் இரண்டு மணி நேரம் நின்றது. போன் செய்து கேட்டதற்கு, அதான் நேற்றே மெயில் போட்டோமே என்றவர்கள், அந்தப் போட்டோவை ஆபீஸுக்கு மறுபடி அனுப்பினார்கள்.

மேனேஜர் ரத்தினவேல் சார் சத்தம் போடுகிறவர் இல்லை. கரூர்க்காரர், நிதானமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டேதான் எதையும் சொல்வார். "ஏம்மா சத்யப்ரியா, மெயிலு நடந்தா வருது? எம்பது மீட்டரு. நடந்து வந்தாலும் ரெண்டு நிமிசம்" என்றார். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். வாடிக்கையாளர் கேட்கும் தாள். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து 'ஏன்' கட்டங்கள். ஏன் நடந்தது, அது ஏன் நடந்தது, அதுவும் ஏன் நடந்தது என்று ஐந்து தடவை தோண்டினால் வேர் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே, 'பொறுப்பானவர் பெயர்' என்று ஒரு கோடு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நிரப்பி மெயிலில் அனுப்ப வேண்டும்.

அடுத்த நான்கு நாள் நான் தொடக்கூடாததை எல்லாம் தொட்டேன். பரமசிவம் அண்ணனின் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஐந்தாக்கினேன். மெயிலைத் தடவிப் பார்த்து அனுப்பும் ஆன்டிவைரஸை நிறுத்தினேன். நெட்வொர்க் கார்டை மாற்றினேன். அவருடைய பெட்டி பூட்டிக் கிடந்ததால், ஒவ்வொன்றையும் மாற்றியவுடன் என் பெட்டியிலிருந்து ஒரு கனமான மெயிலை அவர் கம்ப்யூட்டரில் இழுத்துப் பார்த்தேன், வழவழவென்று வந்தது. நிம்மதியாகப் படிக்கு அடியில் போய் உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் இன்டர்காம் அடிக்கும். எனக்கு உறைக்க ரொம்ப நேரம் ஆனது. அவர் மேஜை காலியாக இருக்கும்போதுதான் போகிறேன், அது டீ நேரமோ சாப்பாட்டு நேரமோதான். நான் ஜெயித்ததெல்லாம் டீ நேரத்தில்.

சொன்னவர் அவர்தான். "நாங்க வேலை பாத்தா அது படுத்துக்கிடுது. நாங்க உக்காந்தா எந்திரிச்சு ஓடுது. மாமியாளும் மருமவளும் மாதிரில்லா இருக்கு."

வியாழக்கிழமை காலை அவர் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கறுப்புத் திரையில், இருக்கிறாயா என்று சர்வரை நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்படி வைத்தேன். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரி வரியாக ஓடியது. திடீரென்று ஒரு வரியில் பதில் இல்லை. பிறகு இருக்கிறேன். பிறகு மூன்று வரி பதில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக மூன்று ஸ்பாட் வெல்டிங் மெஷின்கள். ஆபரேட்டர் காலால் பெடலை மிதிக்கிறார், நீல வெளிச்சம் பூக்கிறது, டப். என் திரையில் பதில் இல்லை. அவர் காலை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்கிறார். இருக்கிறேன், இருக்கிறேன். பென்சிலால் ஒரு தாளில் வெளிச்சங்களையும் விட்டுப்போன வரிகளையும் குறித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் பொருந்தவில்லை. ஆனால் டீக்கு மணி அடித்து மூன்று மெஷினும் நின்ற பிறகு, பதினைந்து நிமிடம் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

எழுந்து போய் வயரைப் பார்த்தேன். எங்கள் மெல்லிய நீல வயர் ஆபீஸிலிருந்து ஷாப் சுவர் வழியாகத்தான் குவாலிட்டி ரூமுக்குப் போகிறது. அதே சுவரில், கட்டை விரலை விடத் தடியான கறுப்புப் பவர் கேபிள்கள் வெல்டிங் மெஷின்களுக்குப் போகின்றன. நீல வயரைக் கறுப்புக் கேபிள்களின் நடுவில் பொதிந்து, சாணுக்கு ஒரு கட்டாக, வெள்ளைப் பிளாஸ்டிக் டேக்குகளால் இறுக்கியிருந்தது. எண்பது மீட்டருக்கும். எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்த்திருந்தன. எல்லா டேக்கின் வாலும் ஒரே சாய்வில் நறுக்கப்பட்டிருந்தது. அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை பெடலை மிதிக்கும்போதும் கறுப்பு வயரில் பாய்கிற மின்சாரத்தின் உதறல் நீல வயருக்குள்ளும் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். ஏப்ரலில் கட்டியபோது அந்தக் கேபிளில் நாலு விளக்கும் ஒரு கிரைண்டரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஜூனில்தான் ரத்தினவேல் சார் இடவசதிக்காக வெல்டிங் மெஷின்களை அந்தச் சுவருக்கு மாற்றினார்.

அந்தக் கட்டுக்கு நேர் மேலே அறிவிப்புப் பலகை. ஏப்ரல் மாத ஃபைவ் எஸ் போட்டியில், அதாவது இடத்தைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் வைப்பதற்கு வருடா வருடம் நடக்கும் போட்டியில், முதல் பரிசு வாங்கியவரின் போட்டோ. ரத்தினவேல் சார் கையிலிருந்து டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வினோதா.

வினோதா ஹவுஸ்கீப்பிங்கில் கான்ட்ராக்ட் ஆள். ஜவளகிரிக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தில் ஊர். ராகி விளையும் மாதங்களில் யானை இறங்கிவிட்டால் முதல் பஸ் வராது. லேட்டாக வந்த காரணம் என்ற இடத்தில் 'யானை' என்று எழுதிக் கொடுத்து, ஆபீஸே சிரித்திருக்கிறது. இங்கே வருவதற்கு முன்னால் நாலு வருடம் தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பேக்கிங். இருபது பூவை ஒரே உயரத்தில் தட்டி நிறுத்தி, காம்பில் கட்டுப் போட்டு, அடியை ஒரே வெட்டாக வெட்டுவது. அந்தக் கைதான் சுவரில் இருந்தது. அவளுடைய அப்பா திம்மராயன், அம்மா சரசம்மா, இரண்டு பேரும் வேறொருவர் நிலத்திலேயே காலம் முழுக்க வேலை செய்தவர்கள். மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. இந்தச் செப்டம்பரில் எடுக்கப்போகும் கம்பெனி ட்ரெய்னி பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பரிசைக் காரணம் காட்டி ரத்தினவேல் சாரே சேர்த்திருந்தார். வயது வரம்பு இருபத்து மூன்று. வினோதாவுக்குக் கார்த்திகையில் அது முடிகிறது. பட்டியலில் இருக்கிறவர் பேரில் குறை எதுவும் எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பது விதி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஏனென்றால், விண்ணப்பத்தை அவளுக்காக டைப் அடித்துக் கொடுத்தது நான்.

இன்னொன்றும் தெரியும். ஏப்ரலில், ஒரு மத்தியானம், நான் படிக்கு அடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கதையில் ஒரு தபால் வண்டி பனியில் புதைந்திருந்தது. வினோதா தட்டி ஓரத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு கொத்து வெள்ளை டேக். மற்றவர்கள் எதிரில் என்னை மேடம் என்பாள், தனியாக இருந்தால் அக்கா.

"அக்கா, உங்க நீல வயரு தனியாத் தொங்கினு இருக்குது. பெரிய வயரோட சேத்துக் கட்டிடவா?"

"ம்."

"கட்டலாமில்லக்கா? ஒண்ணும் ஆவாதே?"

"அழகா இருந்தாச் சரி" என்றேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் சிரித்துவிட்டு, கொத்திலிருந்து ஒரு டேக்கை உருவி, "இந்தாங்க, அடையாளம் வெச்சிக்கினு எந்திரிங்க, சாப்பாட்டு நேரம் போச்சு" என்று புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு சுவரோரம் அவள் சாண் போட்டு அளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் பேசுகிற கன்னடத்தில்தான் எண்ணுவாள். ஒந்து, எரடு, மூரு.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் புது வயர்ச் சுருள் ஒன்றை எடுத்து, சுவர்ப் பக்கமே போகாமல், நடைபாதையின் மஞ்சள் கோட்டை ஒட்டித் தரையில் விரித்தேன். தனியாக உருட்ட முடியாமல் திணறுவதைப் பார்த்து வினோதா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சுருளைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னோக்கி நடந்தேன். மணி அடித்தது. மூன்று மெஷினும் ஆரம்பித்தன. டப், டப். பரமசிவம் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சோழி உருட்டப் போகிறவர்போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டு அமுக்கினார்.

"ஆறு. ஏழு." ஒரு மூச்சு விட்டார். "எட்டு. ஏ தாயி, எட்டு. ஒம்பது. பதினொண்ணும் வந்துட்டு. சனிப்பெயர்ச்சி ஆகிப்போச்சுல்லா."

வினோதா கதவருகே நின்று சிரித்தாள். பிறகு தரையில் கிடந்த வயரைப் பார்த்தாள்.

"அப்ப அந்த வயரு கெட்டுப்போச்சாக்கா?"

"வயரு கெடல."

"அப்புறம்?"

நான் சுவரைப் பார்த்தேன். நான் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். மெஷின் வெளிச்சம் பூத்தபோதெல்லாம் வெள்ளை டேக்குகள் ஒரு வரிசையாக மின்னி மறைந்தன. பரமசிவம் அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும். எட்டாவது மெயிலைத் திறந்து, ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்ட அந்தத் துளையின் போட்டோவை மிகுந்த கவனத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

"சேத்துக் கட்டினதாலயா?" என்றாள் வினோதா.

"கரன்ட் வயரோட ஒட்டி இருக்கக் கூடாது. எனக்கும் அப்பத் தோணல."

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து மெஷின்கள் நின்றதும், அவள் தன் பையிலிருந்து ரோஜாக் கத்தரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டாக, வயரில் கீறல் படாமல், டேக்கின் கழுத்தில் கத்தரியை நுழைத்து வெட்டினாள். கறுப்பிலிருந்து நீலம் மெல்லப் பிரிந்து தொங்கியது. இறுக்கிய இடங்களில் எல்லாம் நீல வயரில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. விழுந்த டேக்குகளை அவளே குனிந்து பொறுக்கினாள்.

"வுடுங்கக்கா, என்னுது" என்றாள், நான் உதவிக்குக் குனிந்தபோது.

இரவெல்லாம் தாளின் ஐந்து கட்டங்களை மனதுக்குள்ளேயே நிரப்பிப் பார்த்தேன். மெயில் ஏன் தாமதமானது? இணைப்பு அறுந்ததால். ஏன் அறுந்தது? வெல்டிங் மெஷின்களின் மின்சாரம் குறுக்கிட்டதால். ஏன் குறுக்கிட்டது? இரண்டு வயர்களும் சேர்த்துக் கட்டப்பட்டதால். ஏன் சேர்த்துக் கட்டப்பட்டன? இந்த இடத்தில் நாலு பேர் நின்றார்கள். வயர்கள் சீராக இருந்தால் மதிப்பெண் கொடுத்தவர்கள். மெஷினை மாற்றும்போது சுவரைப் பார்க்காத ரத்தினவேல் சார். கட்டியவள். அப்புறம் தலை நிமிராமல் 'ம்' என்றவள். எனக்கும் அந்தச் செப்டம்பரில்தான் ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது. ஒன்றரை வருடமாகத் தள்ளிக்கொண்டே போன வேலை உறுதிக் கடிதம். அப்பா நாகரசம்பட்டிப் பக்கத்து மில் மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறார். இதை யோசித்தபோதே, இதை ஏன் இப்போது யோசிக்கிறேன் என்று கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ரத்தினவேல் சார் தாளைப் படித்தார். ஐந்தாவது கட்டத்தில், வயர் கட்டுவதற்கு எழுதப்பட்ட விதிமுறை இல்லை என்று முடித்திருந்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கற" என்றார். "பேரு எங்க?"

"விதிமுறை இல்லாததுதான சார் காரணம்."

"விதிமுறைக்கு யாரும்மா கையெழுத்துப் போடறது? பேரு இல்லாம அனுப்புனா திருப்பி அனுப்புவான். அந்தப் பொண்ணுதான கட்டுச்சு?"

கண்ணாடி வழியே அறிவிப்புப் பலகை தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார். "பரிசு நான்தான் குடுத்தேன். தெரியுது. அதுக்கு இப்ப என்ன பண்றது? அவன் லைன் ரெண்டு மணி நேரம் நின்னுருக்குது."

"ட்ரெய்னி லிஸ்ட்ல இருக்கா சார்."

"பேர்ல குறை இருந்தா இந்தத் தடவ எடுக்க மாட்டாங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

அடுத்த வருடம் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்; அந்தப் பட்டியலில் வயது என்ற கட்டமும் இருக்கிறது. பிறகு அவர்தான் கேட்டார். கேட்கும் விதத்தில் ஒரு வழி திறந்து வைத்திருந்த மாதிரியும் இருந்தது, மூடப்போகிற மாதிரியும் இருந்தது.

"அதுவாப் போய்க் கட்டுச்சா, இல்ல யாராச்சும் கட்டச் சொன்னாங்களா?"

வெளியே டப் என்றது. நீல வெளிச்சம் அவர் மேஜைக் கண்ணாடியில் ஒரு கணம் விழுந்து போனது.

"யாரும் தனியாச் சொல்லல சார்" என்றேன்.

"அப்ப எழுதிரு. அஞ்சு மணிக்குள்ள போயிரணும்."

படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தேன். நான் சொன்னது பொய்யில்லை என்று முதலில் தோன்றியது. அவள்தான் கேட்டாள், நான் சொல்லவில்லை, 'ம்' என்பது சொல்வதாகுமா. கொஞ்ச நேரம் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் கையிலிருந்து நழுவியது. மேஜையில் நூலகப் புத்தகம் இருந்தது. ஏப்ரலில் எடுத்தது, மூன்று தடவை தேதி நீட்டியும் படித்து முடிக்கவில்லை. அன்றைக்கு விட்ட பக்கத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளை டேக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதே சாய்வில் நறுக்கியது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் வண்டி இன்னும் பனியில்தான் நிற்கும். வண்டிக்காரன் இறங்கி நடந்தானா, குதிரைகளை அவிழ்த்து விட்டானா என்று எனக்குத் தெரியாது. திறந்து பார்க்கவும் இல்லை.

நாலரை மணி. திரையில் தாள் திறந்திருந்தது. பெயர்க் கோட்டில் கர்ஸர் துடித்துக்கொண்டிருந்தது. 'வி' என்று அடித்து அழித்தேன். 'ச' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். அனுப்ப வேண்டிய முகவரி, விஷயம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். இனி எதுவும் அறுந்துபோகாது. அனுப்பினால் அந்த நொடியே போய்ச் சேரும். இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது அறுந்துபோனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

தட்டி ஓரத்தில் நிழல் ஆடியது. வினோதா. பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள், தோளில் பை, தலையில் காலையில் வைத்த ரோஜா வாடியிருந்தது. உள்ளே வரவில்லை. ஏப்ரலில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"பேரு போடணுமாமேக்கா."

"யாரு சொன்னா?"

"பரமசிவண்ணன். சொல்லிட்டு, அவரே கண்ணாடியக் கயட்டித் தொடச்சிக்கினாரு."

"இன்னும் போடல."

"என் பேரே போட்டுக்குங்க" என்றாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். யானை வந்த கதையைச் சொல்லும் குரல்தான். "நான்தான கட்டினேன். எல்லாத்துக்கும் தெரியும், போட்டோவே மாட்டி வெச்சிருக்குது. இல்லன்னு சொல்ல முடியாது."

"வினோதா—"

"அது இல்லக்கா." அவள் பார்வை என் முகத்தில் இல்லை. மேஜையில் இருந்த புத்தகத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த டேக்கில் இருந்தது. தளி பஸ் வந்து திரும்பும் ஹாரன் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையின் வாரை ஒரு சாண் அளவுக்கு இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தாள்.

"கீழ ஒரு வரி மட்டும் சேத்துடறீங்களாக்கா? கேட்டுட்டுத்தான் கட்டினேன்னு. யாரைக் கேட்டேன்னு வாணாம். கேட்டேன்னு மட்டும்."